புறக்கடையில் ஓர் அவியல் தோட்டம்: குமரி மாவட்ட வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

அவியல் வைக்கலாம் என்று வீட்டில் முடிவானால், பிச்சாத்தியையும் (கத்தி) ஓலைக் கடவத்தையும் (கூடை) எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போவேன். ஏத்தன் (நேந்திரன் வாழை) குலையின் கடைசிச் சீப்பில் இரண்டு காய், முருங்கையில் நாலு காய், பந்தலில் தொங்கும் புடலங்காயில் ஒன்று, ஒரு கைப்பிடி பயறு (நீளப் பயற்றங்காய்), மூன்று வழுதலங்காய் (கத்தரிக்காய்), ஒரு கொத்துக் கறிவேப்பிலை. சேனை போன வாரமே தோண்டி வைத்தது. தேங்காய் மரத்தடியில் கிடக்கும். கேரட் மட்டும் கடையில் வாங்குவோம். பத்து நிமிடத்தில் கடவம் நிறைந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். வீட்டையும் சேர்த்து மொத்தம் எட்டு சென்ட். தோட்டம் போட்ட முதல் வருடம், ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டதை நம்பி, ஆடி மாதம் தக்காளியும் மிளகாயும் நட்டேன். மழை விடவே இல்லை. இரண்டு வாரத்தில் தண்டு அடிப்பக்கம் கறுத்துச் சாய்ந்தது. அடுத்த வீட்டுப் பாட்டி மதில் மேலாக எட்டிப் பார்த்து, “மக்கா, இது நம்ம ஊரு மழ. கிழக்கே உள்ளவன் சொன்னதக் கேட்டு இங்க நட்டா அழுவித்தான் போவும்” என்றார். நான் தோட்டம் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான் தொடங்கியது. அதனால் இந்த வழிகாட்டியில் எல்லா ஊருக்கும் பொதுவானதைக் குறைத்து, நம் மாவட்டத்து மண்ணுக்கும் மழைக்கும் ஒத்து வருவதையே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் இடம் எந்தக் குமரி?

மாவட்டம் சின்னதுதான், ஆனால் உள்ளே மூன்று நான்கு ஊர்களின் தட்பவெப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நன்றாகப் பெய்யும் மாவட்டம் இது. ஆண்டுச் சராசரி மழை 1,400 மி.மீ.யைத் தாண்டும். ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெய்வதில்லை.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, அருமனைப் பக்கம் மழை கொட்டும். செம்மண்ணும் அதற்கடியில் வெட்டுக்கல்லும். அங்கே தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும், சத்து மழையோடு கரைந்து போகாமல் காப்பதும்தான் வேலை. ஆரல்வாய்மொழி, தோவாளை, மயிலாடி, அஞ்சுகிராமம் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அங்கே காற்றுத் தடுப்பு இல்லாமல் காய்கறி போட்டால் பூ நிற்காது. குளச்சல், மணவாளக்குறிச்சி, ஈத்தாமொழி போன்ற கடலோர ஊர்களில் மணல். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே கீழே இறங்கிவிடும். நாஞ்சில் நாட்டு வயலை ஒட்டிய வீடுகளில் களிமண். மழைக்காலத்தில் சேறு, கோடையில் வெடிப்பு.

மண்ணைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்து வெயிலைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தென்னை, சக்கை (பலா), மா, அயினி (காட்டுப்பலா) என்று மரங்கள் இருக்கும். பக்கத்து விளையில் (தோட்டத்தில்) ரப்பரும் இருந்தால் நிழல் இன்னும் கூடும். வெண்டை, வழுதலங்காய், மிளகாய், தக்காளி, பந்தல் காய்கள் எல்லாவற்றுக்கும் குறைந்தது 5 அல்லது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என்று மூன்று தடவை புறக்கடையைச் சுற்றி வந்து, வெயில் விழும் இடத்தில் குச்சி நட்டு வையுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 8 டிகிரி வடக்கில் இருக்கிறோம். சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் மார்கழியில் நிழலாகக் கிடக்கும் வீட்டின் வடபுறம், ஆனியில் வெயில் காயும். ஒரு தடவை பார்த்துவிட்டு ‘இங்கே வெயிலே வராது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

நிழல்தான் இருக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டாம். சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள், நல்லமிளகு (குருமிளகு), காந்தாரி மிளகாய் எல்லாம் அரைநிழலில் சந்தோஷமாக வளரும்.

இரண்டாம் படி: அடுக்களையில் கேளுங்கள்

கடையில் விதைப் பாக்கெட்டின் படத்தைப் பார்த்து வாங்குவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறு. வீட்டில் யாரும் சாப்பிடாத காய் நன்றாகக் காய்த்து என்ன பயன்? ஒரு மாதம் அடுக்களையில் என்னென்ன செலவாகிறது என்று எழுதிப் பாருங்கள். அவியல், தீயல், துவரன், எரிசேரி, புளிக்கறி என்று நம் சமையலுக்குத் திரும்பத் திரும்ப வேண்டியது பத்துப் பன்னிரண்டு செடிகள்தான்.

என் பட்டியல் இது. என்றைக்கும் நிற்க வேண்டியவை: கறிவேப்பிலை, முருங்கை, வாழை, பப்பாளி, காந்தாரி. வருடத்துக்கு ஒருமுறை நடுபவை: சேனை, மரச்சீனி (மரவள்ளி), இஞ்சி, மஞ்சள். மாறி மாறிப் போடுபவை: வெண்டை, வழுதலங்காய், பயறு, புடலை, பாகல், தடியங்காய் (சாம்பல் பூசணி), வெள்ளரி, கீரை. முதல் வருடம் இதில் ஐந்தை மட்டும் எடுங்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் அந்த ஐந்தில் கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாம் படி: மண்ணைச் சரி செய்வது

செம்மண் பகுதியில் மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. எத்தனை உரம் போட்டாலும் செடி மஞ்சளாகவே நின்றால் அதுதான் காரணமாக இருக்கும். மண்ணைக் கொத்திவிட்டு, ஒரு சென்டுக்கு 2 கிலோ நீற்றிய சுண்ணாம்பைத் தூவிக் கிளறி, லேசாக நனைத்து, இரண்டு வாரம் விடுங்கள். சுண்ணாம்பையும் சாணி உரத்தையும் ஒரே நாளில் போட வேண்டாம், சாணியில் உள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடும். இரண்டு வாரம் கழித்து, சென்டுக்கு 100 கிலோ அளவில் நன்கு மக்கிய சாணி உரம். அடுப்புச் சாம்பல் இருந்தால் அதையும் சேர்க்கலாம். தோண்டும்போது ஈரமண்ணைக் கையில் எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் சருகும் உமியும் இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

மேற்குப் பக்கமும் நடுப் பகுதியும் என்றால் பாத்தியை முக்கால் அடி உயர்த்தியே போடுங்கள். கிழக்கே காய்ந்த ஊர்களில் நேர்மாறு: செடியைச் சுற்றித் தடம் எடுத்து, கொஞ்சம் பள்ளத்தில் நட வேண்டும். கடலோர மணலில் கதம்பைதான் (தேங்காய் மட்டை) உயிர். குழியின் அடியில் தேங்காய்க் கதம்பையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு அடுக்கு அடுக்கி, அதன்மேல் மண்ணும் உரமும் போட்டு நட்டால், கதம்பை தண்ணீரைக் குடித்து வைத்து மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும்.

மண்ணை வெறுமையாக மட்டும் விடாதீர்கள். தென்னஞ்சருகு, வாழைச் சருகு, பிடுங்கிய களை, எது கிடைத்தாலும் மூடாக்காகப் போடுங்கள். ஆனி, ஆடி மழையில் மேல்மண் அரித்துப் போவதை இது தடுக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர்ச் செலவும் குறையும்.

நான்காம் படி: மாதம் பார்த்து நடுவது

நம் வயல்காரர்களுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் இருப்பதுபோல வீட்டுத் தோட்டத்துக்கும் தனிக்கணக்கு உண்டு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மார்கழிதான் என் பரிந்துரை. இரண்டு மழையும் ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் கடுமையாக இருக்காது. தக்காளி, வெண்டை, கீரை, பயறு எதைப் போட்டாலும் கைவிடாது. தையிலும் மாசியிலும் தண்ணீர் ஊற்ற வசதி இருந்தால் வெள்ளரி, தடியங்காய், பூசணி, பாகல், புடலை போடலாம். இந்தக் கொடிகளுக்கு மழையை விட வெயிலில்தான் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும்.

மாசியில் சேனை. சித்திரை, வைகாசியில் கோடைமழை இரண்டு பெய்ததும் இஞ்சி, மஞ்சள், மரச்சீனி. ஆனி, ஆடி பெருமழையில் காய்கறி நாற்று நடவே வேண்டாம். அந்த ஈரத்தில் நல்லமிளகுக் கொடி, கறிவேப்பிலைக் கன்று, மரக்கன்றுகளை வையுங்கள். ஆவணியில் மழை கொஞ்சம் இடைவெளி விடும். அப்போது வழுதலங்காய், மிளகாய் விதையை நாற்றுக்குப் போட்டால், புரட்டாசியில் பிடுங்கி நடலாம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

ஐந்தாம் படி: செடி செடியாக

வாழை. நம் மாவட்டத்துக்கு வாழைதான் அழகு. ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டை, மட்டி என்று எத்தனை! கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஊட்டும் பழம் இங்கே பல வீடுகளில் மட்டிதான். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, இலை ஈட்டி போல ஒடுங்கியிருக்கும் பக்கக் கன்றை நடுங்கள். அகன்ற இலை விட்ட கன்று பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் குலை சிறுக்கும். ஆவணியில் ஓணத்துக்கு ஏத்தன் குலை வெட்ட வேண்டும் என்றால் ஐப்பசியில் கன்று வைக்க வேண்டும், பத்து மாதக் கணக்கு. ஒரு நர்சரியில் மட்டி என்று சொல்லித் தந்த கன்றை நட்டு, ஒரு வருடம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன். குலை தள்ளியபோது அது வேறு ஏதோ வாழை. அதன்பிறகு, பழத்தைத் தின்று பார்த்த வீட்டிலிருந்து மட்டுமே கன்று வாங்குகிறேன். குலை தள்ளும் வரை பக்கக் கன்றுகளை அறுத்துவிடுங்கள். அதன்பிறகு ஒன்றை மட்டும் விடுங்கள்.

சேனை. அரைக் கிலோவுக்குக் குறையாத துண்டு, நடுமொட்டு அதில் இருக்க வேண்டும். சாணிக் கரைசலில் முக்கி நிழலில் காயவைத்து, இரண்டடிக் குழியில் உரத்தோடு நட்டு, மேலே சருகு மூடி மறந்துவிடலாம். எட்டு ஒன்பது மாதத்தில் தண்டு மஞ்சளாகிச் சாய்ந்ததும் தோண்டுங்கள். ஒரு துண்டு நாலைந்து கிலோ கிழங்காகித் திரும்பி வருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சேனை தோண்டும் நாள் ஒரு சின்னத் திருவிழா.

மரச்சீனி. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரவிய கிழங்கு இது. பஞ்சத்தில் எத்தனையோ வயிறுகளைக் காத்தது. மண்ணைக் குவித்து மேடாக்கி, முக்கால் அடிக் கம்பை நட்டால் போதும். தோலை நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதில் சயனைடாக மாறக்கூடிய நச்சுப் பொருள் இருப்பதால்தான் நம் அம்மைமார் அந்தத் தண்ணீரை ஒருநாளும் சேர்த்ததில்லை. பெருச்சாளித் தொல்லை உள்ள இடத்தில் மதில் ஓரத்தில் நடாதீர்கள்.

புடலை. பந்தல் ஆறடி உயரம் இருக்கட்டும். பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் பாம்பு மாதிரி சுருண்டு கொள்ளும். காலையில் பந்தலுக்கடியில் போய், நேற்றுக் கட்டிய கல் இன்றைக்கு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது என் மகளின் வேலை. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் அதை அவள் விட்டதில்லை.

முருங்கை. மழை கொட்டும் மேற்குப் பகுதியில் இலை மண்டும், காய் குறையும். வடிகால் நன்றாக உள்ள மேட்டில் வைத்து, நாலடி உயரத்தில் நுனி கிள்ளுங்கள். காய் குறைந்தாலும் கீரை இருக்கிறது.

கறிவேப்பிலை. விதை என்றால் பழுத்த உடனே போட வேண்டும், காய்ந்துவிட்டால் முளைக்காது. பெரிய மரத்தின் வேரிலிருந்து முளைக்கும் கன்றைப் பிடுங்கி வைப்பது இன்னும் எளிது. முதல் வருடம் இலை ஒடிக்காதீர்கள். மருந்து அடித்த இலையோ என்று ஐயப்படாமல் துவையலுக்குக் கைநிறையப் பறிக்கலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

நல்லமிளகு. சக்கை, மா, அயினி, கல்யாண முருங்கை எதிலும் ஏறும். மரத்தின் வடகிழக்குப் பக்கம், ஆனி மழையில் நடுங்கள். மூன்றாம் வருடம் காய்க்கும். மரம் இல்லாத வீட்டில் கொடியாக ஏறாத குத்துமிளகுக் கன்று வாங்கித் தொட்டியில் வைக்கலாம்.

ஆறாம் படி: தீனி

உரக்குழி ஒன்று கட்டாயம். காய்த்தோல், சருகு, சாணி, மறுபடி சருகு என்று அடுக்கினால் மூன்று மாதத்தில் மக்கிவிடும். எலுமிச்சைத் தோலையும் எண்ணெய்ப் பண்டத்தையும் போட வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கு இயற்கை கொடுத்த இன்னொரு உரம் மீன் கழிவு. சாளை வாங்கினால் தலையும் குடலும் எப்படியும் வீணாகத்தானே போகும்? ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம் தூளாக்கிக் கலந்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். நாலைந்து நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். மூன்று வாரம் கழித்து மீன் நாற்றம் போய், பழவாடையோடு தேன்நிறத்தில் ஒரு திரவம் நிற்கும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. என்று கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இலையில் தெளிக்கலாம். உப்புப் போட்ட மீன் மட்டும் ஆகாது.

ஏழாம் படி: பூச்சியும் நோயும்

தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். பயறில் அசுவினி என்றால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிரும். விடாமல் வந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில்.

பாகல், புடலையில் பழ ஈ குத்தினால் காய் கோணி அழுகும். குத்துப்பட்ட காயைத் தோட்டத்தில் வீசாமல் கொதிநீரில் போட்டு அழியுங்கள், மண்ணுக்குள் போனால் கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். பிஞ்சைக் காகித உறையால் மூடுவது நல்ல காவல்.

நல்லமிளகை ஆனி, ஆடியில் வாட்டும் அழுகல் நோய்க்கு மழைக்கு முன்பே போர்டோ கலவை அடிக்க வேண்டும். பத்து கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், பத்து கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம்தான் ஆகும். கலவையில் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். படியாவிட்டால் தெளிக்கலாம். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: காற்று

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த காலை நினைவிருக்கும். எங்கள் வீட்டில் ஏழு வாழையும் ஒரு முருங்கையும் சாய்ந்தன. விளைகளில் ரப்பரும் தென்னையும் விழுந்து கிடந்தது கண்ணில் நிற்கிறது. அத்தகைய காற்றுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வருடா வருடம் ஆனி, ஆடியில் வரும் காற்றுக்குச் செய்யலாம். குலை தள்ளிய வாழைக்கு இரண்டு கம்பைக் கத்தரி போலக் கட்டி முட்டுக் கொடுங்கள், குலை சாயும் பக்கத்தில். ஐப்பசிக்கு முன் வீட்டு மேல் சாயும் கிளைகளைக் கழியுங்கள். கிழக்கு ஊர்க்காரர்கள் மேற்குப் பக்கம் அகத்தியை நெருக்கமாக நட்டால் வேலிக்கு வேலி, கீரைக்குக் கீரை.

மாடியில் போடுகிறவர்களுக்கும் காற்றுதான் முதல் எதிரி. பைகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வையுங்கள். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம் மூன்றும் சமபங்கு. நார்க்கட்டியை ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்தால் உப்பு போகும். பைகளுக்கடியில் செங்கல் வைத்துத் தளத்தில் ஈரம் நிற்காமல் பாருங்கள்.

ஒன்பதாம் படி: விதை எடுத்து வைப்பது

நல்ல செடியில் இரண்டாம் மூன்றாம் காய்ப்பில் வரும் அழகான வெண்டைக்காய் ஒன்றில் சிவப்பு நூலைக் கட்டி விட்டுவிடுவேன், வீட்டில் யாரும் பறிக்காமல் இருக்க. அது செடியிலேயே முற்றிக் காய்ந்து, வரிவரியாக வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, விதையை உதிர்த்து, இரண்டு நாள் நிழலிலும் ஒரு நாள் இளவெயிலிலும் காயவைப்பேன். வழுதலங்காய் மஞ்சளாகப் பழுக்க வேண்டும். விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைக்க வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் தாயைப் போல வராது, நாட்டு ரகத்தில் மட்டும் எடுங்கள்.

காய்ந்ததைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, இரண்டு காய்ந்த வேப்பிலை சேர்த்து, எந்த மாதம் எடுத்தது என்று எழுதி ஒட்டி, அடுக்களையில் வெயில் படாத மேல்தட்டில் வைப்போம். பாட்டி வீட்டிலிருந்து வந்த காந்தாரி விதையும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. போன ஆவணியில் அதில் ஒரு பொட்டலம் கருங்கல் ஊரில் உள்ள என் நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று. அங்கே காய்க்கத் தொடங்கிவிட்டதாம்.